கோடு அழிந்த கணக்கு

கோடு போடுவதும் ஒரு தொழில் என்று சொன்னால் இக்காலத்து இளைஞர்கள் நகைப்பார்கள். பம்பாய் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இந்நகருக்கு வந்து, ஒரு நூற்பாலையின் கணக்கு அலுவலகத்தில் 1976ஆம் ஆண்டு நாம் சேர்ந்தபோது, முதல் ஆறு மாதம் நமக்குக் கிடைத்த வேலை அதுதான். உருளையான மரக்கோலை வைத்துப் பேரேட்டில் சிவப்பு மையால் நெடுக்குக் கோடும் நீல மையால் குறுக்குக் கோடும் இழுக்கவேண்டும். மை பரவிவிட்டால் தலைமைக் கணக்கர் தாளைக் கிழிக்கமாட்டார். நம்மையே கிழிக்கச் சொல்வார். அந்தப் பழக்கத்தின் செருக்கோடுதான், நம் சங்கத்தின் குடும்ப உதவி நிதிக் கணக்கை இணையப் பக்கத்தில் ஏற்றும் பொறுப்பைச் சென்ற ஆண்டு கேட்டு வாங்கிக்கொண்டோம்.

கற்றுக்கொடுத்தவள் நம் மகள். இணையப் பக்கத்தில் பொருளை எழுதுவதற்கு ஒரு மொழி, அதற்கு ஆடை அணிவிப்பதற்கு வேறொரு மொழி என்பது அவள் நடத்திய முதற்பாடம். முன்னதன் பெயர் எச்டிஎம்எல். பின்னதன் பெயர் சிஎஸ்எஸ். இந்த ஆடை மொழியை ஹாகோன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டவர் 1994ஆம் ஆண்டு அக்டோபரில் முன்மொழிந்தார். முதற்பதிப்பு 1996 டிசம்பரில் வெளியாயிற்று. அட்டவணைகளுக்கென்று தனி அதிகாரம் 1998 மே மாதத்து இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. கணக்கெழுதுபவனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பது எல்லா அலுவலகங்களுக்கும் உரிய வழக்கம் போலும்!

நாம் முதலில் வரைந்த அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிச் சுவர் எழும்பியது. அடுத்தடுத்த சுவர்களுக்கு நடுவே ஓர் எறும்பு போகுமளவுக்குச் சந்து. வேறு கட்டளை தராவிட்டால் அப்படித்தான் வருமாம். ‘பார்டர் கொலாப்ஸ்’ என்னும் கட்டளையை இட்டதும் இரண்டு சுவரும் ஒன்றாகி ஒற்றைக் கோடாயின. பேரேட்டின் தோற்றம் வந்துவிட்டதென்று மகிழ்ந்தோம். மகளோ, “இத்தனை கோடுகள் எதற்கப்பா? சிறைச்சாலைக் கம்பி போல இருக்கிறது” என்றாள். புதுமைக்கு அஞ்சுகிறவர் என்ற பெயர் வரக்கூடாதே என்று கோடுகள் அத்தனையையும் அழித்துவிட்டோம். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. பேரேட்டில் விவரம் இரண்டு மூன்று வரி நீண்டால், தொகையைக் கடைசி வரிக்கு எதிரில் எழுதுவது மரபு. ஆகவே பெயர்கள் கட்டத்தின் மேல்விளிம்பிலும் தொகைகள் கீழ்விளிம்பிலும் நிற்குமாறு அமைத்தோம். நம் கணிப்பொறியின் அகன்ற திரையில் அது வெகு நேர்த்தியாக இருந்தது.

பக்கம் வெளியான நான்காம் நாள், ஞாயிறு காலையில், ஆச்சி ஒருவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்து இந்நகரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறவர். ஈராண்டுகளுக்கு முன் அவர் கணவர் காலமானபோது, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லச் செலவு செய்தது இந்த நிதிதான். மூன்று மாடி ஏறிவந்த இளைப்பு அடங்குமுன்பே, முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

“ஆயிரத்து இருநூறு இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள் தம்பி. அவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த பணத்துக்கு நான் பாக்கிக்காரி என்று ஊரெல்லாம் பார்க்கும்படி இருக்கவேண்டாம்.”

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆச்சி மாதந்தோறும் நூறு ரூபாயைத் தேதி தவறாமல் கட்டிவருபவர். ஒரு காசு நிலுவையில்லை. “எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டோம். கைபேசியை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் நம் கைவண்ணத்தை முதன்முதலாகக் கைபேசியில் கண்டோம்.

ஐந்து பத்திகளில் மூன்றுதான் திரையில் தெரிந்தன. கட்டத்தைக் குறுக்கினாலும் பத்தி தன்னிலுள்ள மிக நீண்ட சொல்லுக்குக் கீழே சுருங்காது. நம் பெயர்களோ திருநாவுக்கரசு, சிவகாமசுந்தரி என்று நீள்பவை. நிலுவைப் பத்தியைக் காண அட்டவணையை இடப்பக்கம் தள்ளவேண்டும். தள்ளினால் பெயர்ப் பத்தி மறைந்துவிடும். ஆச்சி அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். தம் பெயரின் முதல் வரிக்கு நேராகக் கைபேசியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிக்கொண்டு, மற்றொரு கையால் அட்டவணையைத் தள்ளினார். அவர் பெயர் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அவருக்குரிய சுழி இரண்டாம் வரிக்கு எதிரே கீழே கிடந்தது. முதல் வரிக்கு எதிரே வெறுமை. அந்த வெறுமைக்குச் சற்று மேலே, அண்டை வீட்டாரின் 1,200. இரண்டையும் பிரிக்க ஒரு கோடில்லை; கோட்டை அழித்தவர் நாமல்லவா?

இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லையாம். பேரனிடம் கேட்கக்கூடக் கூசியிருக்கிறார். நாம் எதிரே அமர்ந்து, ‘பழைய கணக்கர்’ என்ற நம் பெருமையை மெல்ல விழுங்கிக்கொண்டு, பேரேட்டையே எடுத்து விரித்துக் காட்டினோம்.

அன்று மாலையே திருத்தத் தொடங்கினோம். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மெல்லிய சாம்பல்நிறக் கோடு. நெடுக்குக் கோடு வேண்டியிருக்கவில்லை. பெயரின் முதல் வரியும் தொகையும் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்தோம். மேலும் கீழும் நீளும் நம் எழுத்துகள் இடித்துக்கொள்ளாதபடி வரி இடைவெளியைக் கூட்டினோம். தொகைகளை வலப்பக்கம் ஒதுக்கி, ஒன்றன்கீழ் ஒன்று, பத்தின்கீழ் பத்து என்று நிறுத்தினோம். எல்லா இலக்கமும் ஒரே அகலம் பெறுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு இளமஞ்சள் பூசிப் பார்த்தோம். வெயிலில் கைபேசியைப் பிடித்தால் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன, ஆகவே அதை விட்டுவிட்டோம்.

நம்மைத் திணறடித்தது பெயர்ப் பத்திதான். அட்டவணை நகர்ந்தாலும் அது இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க ‘பொசிஷன் ஸ்டிக்கி’ என்னும் கட்டளை இருக்கிறது. இட்டோம், நின்றது. ஆனால் தொகைகள் பெயர்களுக்கு அடியில் புகுந்து, பெயரும் எண்ணுமாகக் கலங்கித் தெரிந்தன. ஒட்டி நிற்கும் கட்டத்துக்குப் பின்னணி நிறம் கொடுக்காவிட்டால் அது கண்ணாடிச் சுவர் என்பதை அறிய நமக்கு நள்ளிரவாயிற்று. வெள்ளை பூசியபின் அடங்கியது.

நிலுவைப் பத்தியையே எடுத்துவிடவும் முடிவு செய்தோம். அழகைக் கருதியன்று. நிலுவை உண்மையிலேயே உள்ள அந்த அண்டை வீட்டாருக்கும் ஒரு முந்தானை முடிச்சு இருக்குமல்லவா? அது உறையிட்ட கடிதமாகப் போகட்டும் என்றோம். செயற்குழுவில் இருவர் மறுத்துப் பின் இசைந்தனர்.

மறுவாரம் ஆச்சியின் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தைக் காட்டினோம். விளிம்பில் நகத்தை ஊன்றியபடியே அட்டவணையைத் தள்ளினார். பெயர் அசையவில்லை. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு நகத்தை எடுத்துவிட்டார்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். “வைத்த பணத்தை எடுக்கமாட்டேன் தம்பி. அடுத்த ஆண்டுக்கு வரவு வையுங்கள்” என்றார். அவருக்காக ‘முன்பணம்’ என்று ஒரு பத்தி சேர்க்கவேண்டியதாயிற்று. நான்காகச் சுருங்கியிருந்த அட்டவணை மறுபடியும் ஐந்து பத்தியாகித் திரைக்கு வெளியே போய்விட்டது.