காசிக்குப் போகிற ரோடு

பரமத்தி வேலூரில் அம்மாயி வீட்டுத் திண்ணைக்கு எதிரே மஞ்சள் தலை வைத்த கல் ஒன்று நின்றது. அதில் ஏழு என்று எழுதியிருக்கும். "இந்த ரோட்டுலயே நேராப் போனாக் காசி வந்துரும் கண்ணு" என்பாள் அம்மாயி. அது கதையல்ல, உண்மை. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த 2,369 கிலோமீட்டர் ஏழாம் எண் சாலை, அன்றைக்கு நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை, எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. 2010இல் எண்களை மாற்றினார்கள். இப்போது வேலூர் வழியாகப் போவது 44, காஷ்மீரத்திலிருந்து வருகிறது. எனக்கு அது இன்னும் ஏழுதான்.

1988 மே மாதம், எனக்கு ஒன்பது வயது. காசி யாத்திரை பஸ்ஸில் அம்மாயி என்னையும் ஏற்றிக்கொண்டாள். மேலே கேரியரில் அரிசி மூட்டை, அண்டா, பம்ப் ஸ்டவ். உள்ளே நாற்பது பெரியவர்கள், இரண்டு சமையல்காரர்கள், ஒரே பையன் நான். நாமக்கல் ஆஞ்சநேயருக்குத் தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினோம். சேலம் தாண்டி, தொப்பூர்க் கணவாயில் வண்டி முனகிக்கொண்டு ஏறியபோது கண் சொக்கியது. விழித்தால் வேறு தேசம்.

காலையில் பம்ப்செட் ஓடுகிற காடாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். குளியல், துவையல், சமையல் எல்லாம் அங்கேயே. அம்மாயி முதலில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்ப்பாள். அனந்தபூரில், "நம்மூரு மண்ணாட்டமே இருக்குது, கடலைக்காய்தான் வெளையும்" என்றாள். சுற்றிலும் கடலைக்காடுதான். கோதாவரி தாண்டிக் கருப்பு மண் வந்ததும் பேச்சே இல்லை. அந்த மண் மேல் அவளுக்குப் பொறாமை என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு பாலத்திலும் பத்துப் பைசா ஒன்றை ஜன்னல் வழியே போடுவாள். பெண்ணாறு, துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி. மணல் மட்டும் கிடந்த ஆற்றுக்கும் போட்டாள்.

நாக்பூருக்கு வடக்கே, சியோனிப் பக்கத்துத் தேக்குக் காட்டில் நடு ராத்திரி டயர் வெடித்தது. ஜாக்கி நிற்கவில்லை. எதிரே வந்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஒன்று ஓரம் கட்டியது. பெரிய ஜாக்கியோடு இறங்கிய பையன்கள் எங்கள் பேச்சைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"எந்த ஊருங்க ஆத்தா?"

"வேலூரு சாமி. நீங்க?"

"திருச்செங்கோடுங்க."

அந்த ஊர்ப் போர் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அவர்கள் டயரை மாற்றி முடிப்பதற்குள் அம்மாயி மிச்சமிருந்த புளிச்சோற்றைத் தையல் இலையில் போட்டு வைத்திருந்தாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதில் இளையவன், மீசை சரியாக முளைக்காதவன், வாயில் சோற்றோடு கேட்டான்: "காவேரில தண்ணி வந்துருச்சுங்களா?"

"மேட்டூரு தொறக்க இன்னும் நாளிருக்குதே சாமி. ஜூன் பன்னெண்டு ஆகோணுமல்ல."

அவன் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கை சோறு கேட்டான். ஊருக்குப் போய் எட்டு மாதமாகிறதாம். அம்மா பேரையும் தெருவையும் சொன்னான். அம்மாயி எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காசியில் எல்லோரையும் போல அவளும் கங்கை நீர் அடைத்த செப்புச் சொம்புகள் வாங்கினாள். சொந்தபந்தங்களைக் கணக்குப் போட்டு வாங்கியதில் ஒன்று கூடுதலாக இருந்தது.

ஊர் திரும்பி மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தோம். அந்த அம்மாள் சொம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்பையன் எளச்சுப்போயிருக்கறானுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மாயி. "நாலுவாட்டி சோறு வாங்கித் தின்னான்."