ஓரெழுத்து வேற்றுமை

தமிழ் பயிற்றும் நமக்கு ‘உரித்தல்’, ‘எரித்தல்’ என்னும் இரு சொற்களிடை ஓரெழுத்தே வேற்றுமை. நல்லூர்ப் பனியன் கூடங்களில் கழியும் பழைய மின்கம்பிக்கோ அது பெருவேற்றுமை.

செம்புக்காகக் கம்பியை எரித்தால் பி.வி.சி. உறையிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். செம்பே வினையூக்கியாகி டையாக்சின் நஞ்சு உருவாகத் துணைபுரியும். கருகிய செம்பின் விலையும் குறையும். உரிக்கும் இயந்திரத்திலோ உருளைகள் கம்பியை இழுக்க, கத்தி உறையை மட்டும் நீளவாக்கில் கீறும். செம்பு பளபளப்பாக வெளிவரும். மென்கம்பிகளைப் பொடியாக நறுக்கி, எடை வேற்றுமையால் பிரிப்பதும் உண்டு.

தூய்மையை ஈமானோடு இணைத்துப் போற்றும் நாம், கழிவை விற்கையில் விலையை மட்டும் கேட்டல் போதாது. உரிப்பீரா, எரிப்பீரா என்றும் கேட்டல் வேண்டும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர் எரிக்கும் ஏழைத் தொழிலாளியே அன்றோ?