விலையும் அன்பும்

சிட்லபாக்கத்தில் நம் அடுத்த வீட்டுச் சிறுமி, பாடத்தில் வந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டு ஒரு மாலை வந்தாள். 'எண்டியர்' என்பது அச்சொல். "இனிக்கப் பேசி மயக்குறதுதானே, பாய் தாத்தா?" என்றாள். பிறர் அன்பைப் பெறச் செய்தல் என்று கூறி அனுப்பினோம். ஆயினும் அவள் கேள்வி நம்மை விடவில்லை, அகராதியைப் புரட்டினோம்.

அதன் அடிச்சொல்லான 'டியர்' என்பதற்கு விலை மிகுந்தது, அன்புக்குரியது என இரு பொருள் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த 'எண்டியர்', தொடக்கத்தில் ஒன்றன் விலையை உயர்த்துதல் என்றும் பொருள்பட்டது. பின்னர் அப்பொருள் வழக்கொழிந்தது. நெஞ்சில் இடம்பெறச் செய்தல் என்பதே நிலைத்தது.

நம் தமிழிலும் எளிதிற் கிட்டாதது அருமை. நெஞ்சுக்கினியவன் அருமை மகன். அரபு மொழியின் 'அஸீஸ்' வல்லமையையும், கிடைத்தற்கரிய தன்மையையும், அன்புக்குரிமையையும் ஒருங்கே சுட்டும். அன்பு மலிவான சரக்கன்று என்பதில் மூன்று மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம், ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியோரையும் சேர்த்துள்ளது. கி.பி. 630இல் ஹுனைன் போருக்குப்பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முன்பு தம்மை எதிர்த்து நின்ற குறைஷித் தலைவர் சிலருக்கு நூறு நூறு ஒட்டகங்களை வழங்கினார்கள். பிறர் உள்ளத்தைப் பெறக் கைப்பொருளும் செலவாகும் என்பதை மார்க்கம் மறைக்கவில்லை.

இதை எழுதுகையில் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. தெருவில் முழங்காலளவு நீர். பால் பன்மடங்கு விலையேறியது, அவ்விலைக்கும் கிட்டவில்லை. நம் இல்லத்திலோ கைக்குழந்தை. அடுத்த வீட்டாருடன் மதிற்சுவர் பற்றி நெடுநாளைய மனத்தாங்கல். பேச்சு வார்த்தை இல்லை. அந்த மதிலின் மேலாகத்தான் அச்சிறுமியின் பாட்டியார் ஒரு பால் பையை நீட்டினார். "புள்ளைக்குக் காய்ச்சிக் குடுங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அதுவே கடைசிப் பை என்பதைப் பின்னரே அறிந்தோம். மனத்தாங்கல் அன்றோடு தீர்ந்தது. மதில் இன்றும் இருக்கிறது. அது யாருக்குரியது என்று இருவரும் கேட்பதில்லை.

மறுநாள் சிறுமியை அழைத்தோம். "இனிக்கப் பேசுவதன்று அம்மா, அச்சொல்லின் பொருள். தன்னிடம் அரிதாயிருப்பதைக் கொடுத்துப் பிறர்க்கு அரியவராதல். ஐயமிருப்பின் உன் பாட்டியாரைக் கேள்" என்றோம்.