விதைக்கு விட்ட பானை

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் மாடிக்கும் மாடிக்கும் இடைவெளி கம்மி. எதிர்மாடியில் நடப்பது, வேண்டாமென்றாலும் கண்ணில் படும். அங்கே சில பெயிண்ட் டப்பாக்கள், மீன்கடைத் தெர்மோகோல் பெட்டி ஒன்று, வாய் உடைந்த பானை ஒன்று. எல்லாவற்றிலும் திருநீற்றுப்பச்சை. வெயில் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதும் அப்பத்தா படியேறி வருவார். பேத்தி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுச் சந்துக்கே அவர் அப்பத்தாவாகிவிட்டார்.

தையில் விதைத்தார். விதைத்தார் என்பது பெரிய வார்த்தை. சாணியெரு கலந்த செம்மண்மேல் கோலப்பொடி தூவுவது போல விரலிடுக்கில் உதிர்த்துவிட்டுத் தண்ணீரைக் கையால் தெளித்தார், அவ்வளவுதான். ஈரம் பட்டால் அந்தக் கறுப்பு விதை வழுவழுவென்று உப்பி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்; ஆழம் வேண்டாம். எறும்புதான் எதிரி. டப்பாவைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டார்.

செடி ஒரு சாண் எழும்பியதும் தலையைக் கிள்ளி எறிந்தார். பார்க்கிறவருக்குத்தான் பதறும். இதன் தண்டு சதுரம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். கொழுந்து போனால் அதற்குக் கீழே இரண்டு இலைக்கக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு கிளை புறப்படும். அவற்றையும் கிள்ளினார், நான்காயின. மாசி முடிவதற்குள் குச்சியாக நின்றதெல்லாம் புதர்.

கீழே முற்றத்துத் துளசிமாடத்தில் துவாதசியன்று கை வைக்கமாட்டார். அதே குடும்பத்துப் பச்சைக்கு அந்தச் சலுகை கிடையாது. நாள் பார்க்காமல் கிள்ளுவார். கத்தரிக்கோல் இல்லை, கட்டைவிரல் நகம்தான். பனி உலர்ந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம். அப்போதுதான் இந்தப் பக்கம்வரை வாசம் வரும். மேல்பாதியோடு நிறுத்திக்கொள்வார். அடியில் கட்டை தட்டிய இடத்தில் ஒடித்தால் எளிதில் துளிர்க்காது என்பது அந்த விரலுக்குத் தெரியும். இரண்டு இலையைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு உள்ளே புழு உட்கார்ந்திருந்தால், பிரித்துப் பார்க்கிற வழக்கமில்லை. அப்படியே ஒரு நசுக்கு.

மருமகள் ஒரு கொத்தைத் தேநீருக்கு எடுத்துப்போவார். பேத்தி பாஸ்தாவில் போடுவாள். கீழ்வீட்டுப் பெண் முகப்பருவுக்கென்று கேட்டு வாங்கிப்போவாள். யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பார்த்ததில்லை. பூவிடம்தான் கறார். கதிர் தலைகாட்டியதும் கிள்ளு. பூக்க விட்டால் செடி இலையை மறந்துவிடும். வருகிற இலையும் சிறுத்துப்போகும்.

ஆனால் அந்த உடைந்த பானைக்குச் சட்டம் வேறு.

"அப்பத்தா, இதுல மட்டும் ஏன் கை வைக்க மாட்டேங்குற?"

"அது வெதைக்கு விட்டது. நீ அந்தப் பக்கம் போகாதடீ."

பங்குனியில் அந்தப் பானை நெட்டையாக, பரட்டையாக நின்றது. அழகென்று சொல்ல முடியாது. கதிர் நெடுக அடுக்கடுக்காக வெள்ளைப்பூ. காலையெல்லாம் தேனீ. அப்பத்தா தண்ணீர் ஊற்றும்போதுகூட அவை நகர்வதில்லை, அவரும் விரட்டுவதில்லை. அடியில் பூத்தது முதலில் முற்றும், நுனியில் அப்போதும் பூ இருக்கும். அதுதான் சிக்கல். நுனிக்காகக் காத்திருந்தால் அடி கொட்டிப்போகும். தினம் ஒரு கூட்டை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்ப்பார். ஒரு கூட்டுக்கு அதிகம் போனால் நாலு விதை. வெளுப்பாக இருந்தால் உதறிவிட்டு இறங்கிவிடுவார். சித்திரை பிறந்து ஒருநாள், கறுத்திருந்தது போலும். முக்கால்வாசி காய்ந்த கதிர்களை ஒடித்துப் பழைய வேட்டியில் முடிந்து, படிக்கட்டு நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

சில நாள் கழித்து முறம் வந்தது. காற்றில்லாத மத்தியானமாகப் பார்த்து உட்கார்ந்தார். புடைத்தால் பறந்துவிடும் அளவுக்கு விதை லேசு. கசக்கினார், முறத்தைச் சாய்த்துத் தட்டினார், வாயால் மெல்ல ஊதினார். தூசி அவர் முகத்துக்கே திரும்பியது. இருமிவிட்டு மறுபடி ஊதினார். அத்தனை கதிருக்கும் கிடைத்தது ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை. கடையில் சப்ஜா விதை என்று கேட்டால் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். இந்த உழைப்புக்குக் கணக்குப் போட்டால் கட்டாது. அப்பத்தா கணக்குப் போடுகிற ஆளாகத் தெரியவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் நன்னாரி சர்பத். பேத்தி டம்ளருக்கு இரண்டு கரண்டி விதையைக் கொட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சர்பத்தைக் காணோம், ஜவ்வரிசிக் கூழ் மாதிரி விதைதான் நின்றது. ஸ்பூனால் தின்று தீர்த்தாள். பாட்டிலில் மிச்சம் இருந்ததை அப்பத்தா உடனே வாங்கிக்கொண்டு, அடுத்த தைக்கு ஒரு பிடியைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகினார்.

மறுநாள் செடிகளை எல்லாம் பிடுங்கினார். இலைக்கென்று வைத்திருந்த டப்பாக்களும் தப்பவில்லை; வெயிலில் அவை ஏற்கெனவே வாடித்தான் இருந்தன. காய்ந்த குச்சிகள் சாயங்காலம் கொசுப்புகைக்குப் போயின.

"அப்ப என் பாஸ்தாவுக்கு?" என்றாள் பேத்தி.

"மல்லித்தழை போட்டுக்க," என்று சொல்லிவிட்டு, மண்ணைக் கிளறித் தண்டுக்கீரை விதைக்கத் தொடங்கினார்.