விசைக்கத்தியின் சுவைஞர்கள்

கத்தி என்னும் சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுவோர் உளர். அடுக்களையை நினைப்போர் உளர். கத்தி ஒன்றினை ஒரு நூலைப் போலக் கையிலேந்தி, முன்னும் பின்னும் புரட்டி, நிறையும் குறையும் கண்டு, உடன்பாடும் மறுப்பும் உரைக்கின்ற ஒரு கூட்டத்தாரும் இவ்வுலகில் உண்டு என்பதை யாம் அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில்தான் அறிந்துகொண்டோம். தமிழ்த்துறை மலரில் கத்திக்கு என்ன இடம் என்று மூத்த பெருமக்கள் வினவக்கூடும். திறனாய்வு பற்றி இருபதாண்டுகளாக வகுப்பறையில் யாம் சொல்லி வருவனவற்றுள் சிலவற்றை அங்கேதான் கண்ணாரக் கண்டோம். ஆதலின் இவ்வுரிமையை எடுத்துக்கொள்கிறோம்.

எம் சாச்சா மகன் இயந்திரப் பொறியாளர். போர்ட்லாந்து நகரை அடுத்து வாழ்கிறார். கோடை விடுமுறையில் ஒரு மாதம் அவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவருடைய படிப்பறையில் நூல்களுக்கு ஓர் அடுக்கும் மடக்குக்கத்திகளுக்கு நான்கு இழுப்பறைகளும் இருக்கக் கண்டு முதலில் திகைத்தோம். பின்னர்தான் அவ்வட்டாரத்தின் வரலாறு விளங்கியது. 1939-இல் கெர்பர் நிறுவனம் அந்நகரில்தான் தோன்றியது. அதிலிருந்து வெளியேறியவரால் 1974-இல் கெர்ஷா தொடங்கப்பட்டது. 1983-இல் லெதர்மேன் வந்தது. பெஞ்ச்மேட் இன்று அருகிலுள்ள ஓரிகன் சிட்டியில் இயங்குகிறது. சிவகாசிக்குத் தீப்பெட்டி எப்படியோ அப்படி அவ்வூருக்கு மடக்குக்கத்தி.

மடக்குக்கத்தி நமக்குப் புதிதன்று. எம் வாப்பாவின் வாப்பா, நாணற் பேனாவைச் சீவுவதற்கென்றே சிறு கத்தியொன்றை மடித்து இடுப்பு வாரில் வைத்திருந்ததாக வீட்டில் சொல்வார்கள். பேனாக்கத்தி என்னும் பெயரே இறகுப் பேனாவைச் சீவியதால் வந்ததுதானே! ஆனால் எம் தம்பியின் இழுப்பறைகளில் இருந்தவை வேறு இனம். அவற்றை விசைக்கத்தி என்று இக்கட்டுரையில் குறிக்கிறோம். தெருவில் வழங்கும் பெயர் பட்டன் கத்தி.

அதன் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; பின்னால் வரும் வாதங்கள் யாவும் அதைப் பற்றியே நிற்கின்றன. பிடியினுள், அலகின் அச்சாணியைச் சுற்றி முறுக்குச் சுருள்வில் ஒன்று இறுக்கப்பட்டிருக்கும். அலகின் அடிப்பாகத்தில் இரண்டு வெட்டுகள் உண்டு. பொத்தானின் தண்டு ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். மூடிய நிலையில் பருத்த பாகம் முதல் வெட்டில் அமர்ந்து அலகைத் தடுத்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் மெலிந்த பாகம் அவ்விடத்துக்கு வந்து வழிவிடும். சுருள்வில் அலகைச் சுழற்றி வெளியே வீசும். அலகு தடுப்பாணியில் மோதி நின்றதும் பொத்தான் மேலெழுந்து இரண்டாம் வெட்டில் அமர்ந்துகொள்ளும். காவலனும் கதவும் ஒன்றே என்பதுபோல, திறப்பதும் பூட்டுவதும் அந்த ஒரே பொத்தான்தான். கட்டைவிரலால் சற்றுத் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் முடித்துவைக்கும் துணைவிசைக் கத்தி வேறு. அதில் பொத்தான் இல்லை. இந்த வேறுபாடு பார்வைக்கு மயிரிழை. சட்டத்தின் முன்னோ அது மலையளவு என்பதைப் பின்னர்க் காண்போம்.

யாம் அங்கிருந்தபோது, அவ்வட்டாரத்து நிறுவனம் ஒன்று புதிய விசைக்கத்தி வடிவம் ஒன்றை வெளியிட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை தம்பியின் நண்பர்கள் ஐவர் அதனைப் பற்றிப் பேசக் கூடினர். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன், மற்றிருவர் அலுவலகப் பணியாளர். மூவரிடம் அக்கத்தி இருந்தது. தேநீர் வந்தது, கத்தி கைமாறியது. ஒவ்வொருவரும் அலகை மடித்து, பிடி முன்னே வருமாறு மற்றவரிடம் நீட்டியதை யாம் கவனித்தோம். யாரும் யாருக்கும் அதைக் கற்பித்ததாகத் தெரியவில்லை.

முதல் வழக்கு பொத்தானைப் பற்றியது. அது பிடியோடு பிடியாகச் சமமாக அழுந்தியிருந்தது. குளிர்காலத்தில் கையுறையோடு தேடினால் விரலுக்கு அகப்படாது என்றார் தச்சர். மேலெழுந்து நின்றால் சட்டைப்பையில் தானே அழுந்தி அலகு விரிந்துவிடும், அதைவிட அகப்படாததே மேல் என்றார் செவிலியர். அப்படியாயின் பாதுகாப்புத் தாழ் ஒன்று வைத்திருக்கலாமே என்றார் ஒருவர். தாழ் என்றதும் அவையில் அனல் பறந்தது. தாழிட்டோம் என்று நம்பித் தாழிடாமல் விடுபவனே விரலை இழப்பான் என்று ஒரு கட்சி. தாழில்லாத விசைக்கத்தியை வீட்டில் குழந்தை இருக்கும்போது மேசைமேல் வைக்கமுடியுமா என்று மறுகட்சி. அரைமணி நேரம் இதிலேயே சென்றது. முடிவு எட்டப்படவில்லை, எட்டவேண்டும் என்று எவரும் கருதியதாகவும் தோன்றவில்லை.

அடுத்து, வீச்சு. அலகு விரியும் வேகத்தில் கத்தி கைக்குள் துள்ளியது. அந்த ஓசையையும் துள்ளலையும் மாணவன் மெச்சினான். தச்சர் சிரித்தார். அத்தனை விசையோடு ஒவ்வொரு முறையும் தடுப்பாணியில் மோதினால் அச்சாணித் திருகு தளரும், ஆணி தேயும், ஓராண்டு கழித்து உன் ஓசை என்னவாகும் என்று பார் என்றார். இங்கே ‘ஆட்டம்’ என்னும் சொல் வந்தது. நம்மூர் மெக்கானிக்குகள் சக்கரத்தைப் பிடித்து அசைத்து ‘ஆட்டம் இருக்கிறது’ என்பார்களே, அதே பொருளில். விரிந்த அலகு இடவலமாக ஆடினால் அது சிறு குற்றம். திருகை முறுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழுமாக ஆடினால் பூட்டு சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். அதனை இவர்கள் மன்னிப்பதில்லை. குற்றங்களை இப்படித் தரம் பிரிக்கும் நுட்பம் எமக்கு யாப்பு வகுப்பை நினைவூட்டியது. தளை தட்டுவதும் பொருள் சிதைவதும் ஒரே அளவான பிழைகள் அல்லவே!

எஃகைப் பற்றிய பேச்சு எமக்குப் பாதிதான் விளங்கியது. அக்கத்தியின் அலகு சிபிஎம் 154 என்னும் தூள் உலோகவியல் எஃகினால் ஆனது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரியும் பதினான்கு பங்கு குரோமியமும் நான்கு பங்கு மாலிப்டினமும் உண்டாம். இதைவிட நெடுநாள் கூர் நிற்கும் எஃகுகள் இன்று பல வந்துவிட்டன, இது பழையது என்றார் ஒருவர். கூர் மழுங்கினால் சமையலறைச் சாணைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம், அது போதாதா என்றார் தச்சர். செவிலியரின் குறையோ எவரும் எண்ணாதது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். பொத்தான் ஒரே பக்கத்தில் இருப்பதால் கத்தி தமக்காகச் செய்யப்படவில்லை என்று அமைதியாகச் சொன்னார். அதற்கு எவரிடத்திலும் மறுமொழி இல்லை.

எம்மை மிகவும் ஈர்த்தது வேறொன்று. ஐவருள் ஒருவர், பூட்டைப் பற்றிக் கேட்டபோது, ‘என்னிடம் வந்து மூன்று நாள்தான் ஆகிறது, பூட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் உரிமையில்லை’ என்றார். எம் துறையின் நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பார்த்தோம். மேடைக்கு வரும் வழியில் அட்டையைப் பார்த்தவர், ‘இந்நூல் காலத்தை வென்று நிற்கும்’ என்று முழங்குகிறார். அதற்குப் பொன்னாடையும் பெறுகிறார். எத்தனை நாள் பயன்படுத்தினோம், எதை வெட்டினோம், எது தெரியும், எது தெரியாது என்று முதலில் ஒப்புக்கொண்டு பேசும் வழக்கம், கூலிக்கன்றி ஆசைக்காகச் சேகரிக்கும் இம்மனிதர்களிடம் இயல்பாக இருக்கிறது. நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் அதனைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. இதனை எழுதுவதால் நண்பர்கள் சிலர் வருந்துவர். எழுதாமலும் இருக்க இயலவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1890களில் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் பொத்தான் கத்தியை வணிகப் பொருளாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்குடைப் படையினர்க்கு இது வழங்கப்பட்டது. ஒரு கை கயிற்றில் சிக்கினாலும் மறுகையால் விரித்து அறுக்கலாம் என்பது காரணம். போர் முடிந்து திரும்பியோர் இத்தாலியின் மனியாகோ ஊரில் செய்யப்பட்ட ஒல்லியான கத்திகளையும் வாங்கிவந்தனர். 1950-இல் ஒரு மகளிர் இதழ் ‘கொல்லும் பொம்மை’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டது. அச்சம் பரவியது. 1954-இல் நியூயார்க் மாநிலம் தடை செய்தது. 1958-இல் நடுவண் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான விற்பனையைத் தடுத்தது. மறு ஆண்டு பிரிட்டனும் தடுத்தது. அச்சத்துக்கு முகம் கொடுத்தவை திரைப்படமும் நாடகமும். 1957-இல் மேடையேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் கத்தி புவேர்த்தோ ரிக்கோ இளைஞர் கையிலும் இருந்தது. அதே ஆண்டு வந்த சிட்னி லூமெட்டின் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படத்தில் இக்கத்தியே சான்றுப்பொருள். அப்படிப்பட்ட கத்தி ஒன்றுதான் உண்டு என்று சேரிச் சிறுவனைக் குற்றவாளியாக்க முனைகையில், நடுவர் ஒருவர் அதே போன்ற இன்னொன்றை எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். சேரியில் வளர்ந்த மற்றொரு நடுவர், பொத்தான் கத்தியைப் பழகியவன் மேலிருந்து கீழாகக் குத்தமாட்டான், கீழிருந்து மேலாகத்தான் குத்துவான் என்று விளக்குகிறார். பொருளை உண்மையாக அறிந்தவன் ஒருவன் அவையில் இருந்ததால் ஓர் உயிர் தப்பியது.

அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஒரு கை மட்டுமே உடையவர் மூன்று அங்குலத்துக்கு மிகாத அலகுடைய விசைக்கத்தியைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம். அச்சத்தில் பிறந்த சட்டத்திலும் யாரோ ஒருவர் ஒற்றைக் கையரை நினைத்திருக்கிறார். 2009-இல், மூடிய நிலையை நோக்கி ஈர்க்கும் அமைப்புள்ள துணைவிசைக் கத்திகளுக்கும் விலக்கு எழுதிச் சேர்த்தார்கள். சட்டம் வடிவத்தையே செதுக்கிய கதையும் உண்டு. கலிபோர்னியாவில் இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ அலகுடைய விசைக்கத்தியை வைத்துக்கொண்டு வெளியே செல்லலாகாது. ஆகவே கெர்ஷா நிறுவனத்தின் ‘லாஞ்ச் 4’ 1.9 அங்குல அலகோடு வந்தது. தச்சர் அதனைக் குட்டிக்கத்தி என்று நகைத்தார். எமக்கு அதுவே அழகாகப் பட்டது. ஓரிகனில் 1984-இல் மாநில உச்ச நீதிமன்றம், இக்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கல் மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று தீர்த்தது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்வது அங்கே இன்றும் குற்றம்.

யாம் புறப்படும் முன்னாள் இரவு, தம்பி ஒரு சிறு பெட்டியை நீட்டினார். ‘காக்கா, இது உங்கள் மகனுக்கு. பொறியியல் படிக்கிறான், பிரித்துப் பார்த்தால் மகிழ்வான்’ என்றார். அந்தப் புதிய விசைக்கத்திதான். யாம் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பின்னர் மூடி அவர் கையிலேயே வைத்தோம்.

காரணத்தைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், நவாபுகள் காலத்திலிருந்து மடக்குக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் கைவினைஞருள் மிகுதியானோர் முஸ்லிம்கள். இந்தித் திரைப்படங்கள் அக்கத்தியை வில்லன் கையில் கொடுத்தன. வில்லனுக்கு எந்தப் பெயரும் எந்தத் தொப்பியும் பொருத்தம் என்பதையும் அவையே தீர்மானித்தன. 1990களில் அலகின் நீளத்துக்கு அரசு வரம்பு கட்டிய பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2023-இல் அவ்வூர் நாற்சந்தியில் ஏறத்தாழ 20 அடி நீளக் கத்தி ஒன்றைச் சின்னமாக நிறுவினார்கள். கத்திக்குச் சிலை கிடைத்தது. செய்தவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயினர். விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தொன்பது வயது மகனின் பையில், அவன் பெயரோடு சேர்த்து, ஒரு பொத்தான் கத்தியை எவரேனும் கண்டெடுத்தால் அதனைப் பொறியியல் ஆர்வம் என்று படிப்பார்களா? வேறொரு பெயருடைய பிள்ளைக்கு இவ்வினா எழுமா என்பதையும் எண்ணினோம்.

இவற்றையெல்லாம் யாம் விரித்துரைக்கவில்லை. ‘வேண்டாம் தம்பி, விடுதியில் இருப்பவன்’ என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, ‘நானும் இதை வாசற்படி தாண்டி எடுத்துச் செல்வதில்லை, காக்கா’ என்றார். ‘அந்தத் தச்சர் தம் பையில் வைத்துக்கொண்டு வருகிறார். நான் வைத்துக்கொண்டால் என் பெயரையும் சேர்த்துத்தான் சோதிப்பார்கள்.’ சனிக்கிழமைக் கூட்டங்கள் எப்போதும் அவர் வீட்டிலேயே நிகழ்வதன் பொருள் எமக்கு அப்போதுதான் விளங்கியது. நண்பர்களுக்கு அது விளங்கியிருந்ததா என்று கேட்கத் துணியவில்லை.

அண்மையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த தொகுதியில் பொத்தானைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்றை எழுப்பியிருக்கிறார்களாம். கையுறை விரலுக்கும் இப்போது அகப்படுகிறதாம். இடக்கையர்க்கு இன்னும் வழி பிறக்கவில்லை. செவிலியர் நிறுவனத்துக்கு மூன்றாவது மடல் எழுதியிருக்கிறார். மாணவனின் கத்தியில் இடவல ஆட்டம் தொடங்கிவிட்டது. தச்சர் திருகை முறுக்கிக் கொடுத்தார். மேல்கீழ் ஆட்டம் இதுவரை இல்லை.