மீண்டு வந்த பணம் யாருக்கு?



களவுபோன பொதுப்பணம் அரசாங்கக் கருவூலத்திற்குத் திரும்பிவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாகுமா? 1எம்டிபி பற்றிய செய்திகளைப் படிக்கும் போதெல்லாம் இக்கேள்வி என்னுள் எழுகிறது.

2009 முதல் 2015 வரை அந்நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கூறியது. நம் நாட்டுப் பணம் உல்லாசக் கப்பலாகவும் ஓவியங்களாகவும் ஆலிவுட் திரைப்படமாகவும் உருமாறியது. பின்னர் அதில் ஒரு பகுதி மீண்டது. 'இக்குவானிமிட்டி' கப்பல் 2019இல் 12 கோடி 60 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 2021 ஆகஸ்டு வரை அமெரிக்கா 120 கோடி டாலருக்கும் மேல் திருப்பியளித்தது. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 250 கோடி டாலர் ரொக்கம் தர 2020 ஜூலையில் உடன்பட்டது.

இது யாருடைய பணம்? பாகான் செராய் வயல்களில் நெல் விளைவிப்பவரும், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரும், கடைத்தெருவில் காய்கறி விற்பவரும் அதற்கு உரியவர்கள். 2018இல் நாட்டின் கடனைக் குறைக்க 'தாபோங் ஹராப்பான்' நிதி தொடங்கப்பட்டபோது பொதுமக்கள் 20 கோடி வெள்ளிக்கும் மேல் வழங்கினர். எவரோ களவாடியதற்கு எளியவர்கள் உண்டியலை உடைத்தார்கள்!

களவுப் பணத்தை உரிய நாட்டிடம் திருப்பி ஒப்படைப்பது அடிப்படைக் கோட்பாடு என்று 2003இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை கூறுகிறது. மலேசியா 2008இல் அதனை உறுதிப்படுத்தியது. அத்தகைய பணம் திரும்பாமல் போவது மக்களின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்கிறது என்று ஐ.நா. மனித உரிமை மன்றமும் வலியுறுத்தி வருகிறது. கல்வியும் மருத்துவமும் உரிமைகள் என்றால், அவற்றுக்குரிய பணத்தைக் களவாடுவதும் உரிமைப் பறிப்பே அன்றோ?

பிற நாடுகள் என்ன செய்தன? சுவிட்சர்லாந்திலிருந்து மீண்ட மார்க்கோசின் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவை, அவரது ஆட்சியில் கொடுமைக்குள்ளானவர்களின் இழப்பீட்டிற்கு ஒதுக்கிப் பிலிப்பீன்சு 2013இல் சட்டம் இயற்றியது. 11,103 பேர் பாதிக்கப்பட்டோராக ஏற்கப்பட்டனர். எண்ணெய்த் தொழில் கையூட்டுடன் தொடர்புடையதாகச் சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்ட 8 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, கசக்ஸ்தானின் ஏழைப் பிள்ளைகளுக்கென அமைந்த 'போத்தா' அறநிறுவனத்தின் வழியாகச் செலவிடப்பட்டது.

நம் நாட்டில் மீண்ட பணம் ஓர் அறக்கட்டளைக் கணக்கில் சேர்ந்து, 1எம்டிபி கடனை அடைக்கப் பயன்பட்டது. இதனைக் குறைகூற இயலாது. அக்கடனை அடைக்காவிட்டால் அச்சுமையும் நம் தலைமேல்தான் விழும். ஆயினும் கடனை அடைப்பது மேலும் இழக்காமல் காக்கும். இழந்ததை ஈடு செய்யாது. 2009இல் வெளியிடப்பட்ட 500 கோடி வெள்ளிப் பத்திரங்களின் முதிர்வு ஆண்டு 2039. இன்று முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அப்போது இருபது வயதை எட்டியிருக்கும். தான் பிறக்கும் முன்னரே வாங்கப்பட்ட கடன் அப்பிள்ளையோடு சேர்ந்தே வளர்கிறது.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். தேநீருக்குச் செலவான 20 வெள்ளிக்கும் பற்றுச்சீட்டு எங்கே என்று பெற்றோர் எழுந்து கேட்பர். பொருளாளர் விடை சொல்லியே ஆகவேண்டும். தோட்டத் தொழிலாளி தம் பிள்ளையின் பள்ளியில் செலுத்தும் அந்த அதிகாரம், கோடிகள் என்று வந்தவுடன் ஏன் மறைந்துவிட வேண்டும்?

எனவே என் வேண்டுகோள் இரண்டு. மீண்ட ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது, எதற்குச் சென்றது என்பதைப் பாமரரும் படித்தறியும் வண்ணம், தமிழிலும் அரசாங்கம் வெளியிடட்டும். இனி மீளும் பணத்தில் ஒரு பங்கேனும் சிறார் கல்விக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்படட்டும். ஒழுகும் கூரைக்காக நன்கொடைச் சீட்டு ஏந்தி நிற்கும் பள்ளிகள் இந்நாட்டில் இன்னமும் உள்ளன.

நாம் கேட்பது சலுகையன்று, அன்பர்களே. நம்மிடமிருந்து போனதன் கணக்கு. அதனைக் கேட்கும் உரிமையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.