பேசின் பிரிட்ஜில் ஒரு சித்திரம்

ரயிலில் சென்னை சென்ட்ரலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேசின் பிரிட்ஜைத் தெரியும். ஆனால் அதைப் பார்த்தவர்கள் வெகு சிலரே! உள்ளே நுழைய இடம் கிடைக்கும் வரை வண்டி அங்கே நின்றுவிடும். உடனே நாம் எழுந்து பெட்டிகளை இறக்கி, செருப்பைத் தேடி, குழந்தைக்குத் தலை வாரத் தொடங்கிவிடுவோம். ஜன்னலுக்கு வெளியே யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் வரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியில், பல ஓவியர்கள் சேர்ந்து வைத்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். சில படங்களை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதென்றே எனக்கு விளங்கவில்லை. அப்போது ஒரு படம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கரி எஞ்சின் ஒன்று புகை கக்குகிறது. தண்டவாளத்தோரம் ஒரு பெண் குனிந்து கரித்துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போடுகிறாள். ரயிலின் ஜன்னல்களெல்லாம் திறந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் ஒரு கை மூடிக்கொண்டிருக்கிறது.

கீழே இருந்த பெயரைப் படித்ததும் திடுக்கிட்டேன். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி!

1970-களின் தொடக்கத்தில் நான் பெரம்பூரில் ரயில் ஏறுவேன்; அவள் பேசின் பிரிட்ஜில் ஏறுவாள். அவள் நோட்டுப் புத்தகம் முழுவதும் எஞ்சின், கால்வாய், கரி பொறுக்கும் பெண்கள். "இந்த அழுக்கையெல்லாமா வரைவார்கள்? கபாலீசுவரர் கோபுரத்தை வரையேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தன் நோட்டை என்னிடம் காட்டவே இல்லை.

1850-ல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பெரியமேட்டில்தான் இருந்தது. வீட்டாரோ அவளைத் தட்டெழுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள். பிறகு கல்யாணம், குழந்தைகள். ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

"என்னடி, அந்தக் கை யாருடையது என்று தெரிகிறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நரைத்த தலையும் அதே சிரிப்புமாக அவள் நின்றாள்.

"என்னுடையதுதான்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"அழாதே. நாளைக்கு என்னோடு வந்து பார்" என்றாள்.

மறுநாள் இருவரும் மின்சார ரயிலேறி, சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம். அரக்கோணம் பாதை மேற்கேயும், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் பாதை வடக்கேயும் பிரிவது இங்கேதான். நீண்ட தூர வண்டிகளைக் கழுவிப் பெருக்கி நமக்காகத் தயார் செய்வதும் இங்கேதான். 1996-ல் அமைத்த 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின் நிலையமும் பக்கத்தில் இருக்கிறது.

கால்வாய் கறுத்துக் கிடந்தது. "இதில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் வந்தன. படகுகள் தங்கிய நீர்த்துறைதான் 'பேசின்'" என்றாள் அவள். 1806-ல் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, பிழைக்க வழியில்லாமல் தவித்த ஜனங்களைக் கொண்டு அதை நகரத்தின் வழியாக அடையாறு வரை நீட்டினார்கள். 1878-ல் அதற்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை எத்தனை முறை ரசித்திருக்கிறேன்! அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அந்தப் பெரியமேட்டுப் பள்ளிக்கே தலைமை வகித்தவர். சிலையானால் கையெடுத்துக் கும்பிடும் உழைப்பு, கரித்தூளோடு எதிரே வந்தபோது ஜன்னலை மூடினேன். என் சிநேகிதியோ அந்த வயதிலேயே அதைக் கண் திறந்து பார்த்திருக்கிறாள்.

"அந்தப் படத்துக்கு விலை என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது விற்பனைக்கு இல்லை. உனக்கு வேறொன்று வரைந்து தருகிறேன். கோபுரம் வேண்டுமா?" என்று குறும்பாகக் கேட்டாள்.

"வேண்டாமடி, பேசின் பிரிட்ஜே வரைந்து கொடு" என்றேன்.

அடுத்த முறை உங்கள் வண்டி அங்கே நின்றால், பெட்டியை இறக்க அவசரப்படாதீர்கள். சென்ட்ரல் எங்கேயும் ஓடிவிடாது!